மடக்குக் கத்தி தந்த மாமனிதர் கார்ல் எல்செனர்

கத்தி என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் முதலில் எழுவது அச்சமே. ஆயினும் உலகிலுள்ள கத்திகளில் பெரும்பாலானவை பகைவன்மீது வீசுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. காய் நறுக்க ஒன்று, கதிர் அறுக்க ஒன்று, மருத்துவர் கையில் உயிர் காக்க ஒன்று எனக் கத்தி மனிதனின் உற்ற துணையாகவே இருந்து வந்திருக்கிறது. அவற்றுள் மிகச் சிறியது, சட்டைப் பையில் அடங்கும் மடக்குக் கத்தி. நாம் அதைப் பேனாக்கத்தி என்கிறோம். பறவை இறகைச் சீவி, மை தொட்டு எழுதிய காலத்தில் அந்த இறகுமுனையைக் கூராக்கப் பயன்பட்டதால் வந்த பெயர் அது. ஓலையில் எழுதிய நம் முன்னோரிடமும் மடக்கெழுத்தாணி என்றொரு கருவி இருந்தது. எழுத்தாணியையும் ஓலை வாரும் கத்தியையும் ஒரே பிடிக்குள் மடக்கி வைத்துக்கொள்ளும் அமைப்பு அது. எழுத்தோடும் கல்வியோடும் மடக்குக் கத்திக்கு உள்ள உறவு பழமையானது என்பதை இதனால் அறியலாம்.

அத்தகைய சிறு கருவியொன்றுக்குத் தம் வாழ்நாள் முழுவதையும் அளித்தவர் சுவிட்சர்லாந்து நாட்டின் கார்ல் எல்செனர். இன்று உலகெங்கும் சுவிஸ் இராணுவக் கத்தி என்று அழைக்கப்படும் கத்தியின் தந்தை அவரே. கத்தியை அறிந்தவர் பலர். அதைச் செய்தவரை அறிந்தவர் சிலரே. அவருடைய வாழ்க்கை, ஊரின் வறுமையைப் போக்கப் புறப்பட்ட ஒரு தொழிலாளி ஏறக்குறைய அனைத்தையும் இழந்து, பின் தம் கைத்திறனாலேயே மீண்டு வந்த வரலாறு.

பிறந்த மண்

கார்ல் எல்செனர் 1860ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் பிறந்தார். தந்தையார் பால்தசார் எல்செனர் தொப்பி செய்து விற்பவர். தாயார் பெயர் விக்டோரியா. இந்தத் தாயின் பெயரைப் பின்னாளில் உலகமே உச்சரிக்கப் போகிறது என்பதை அன்று யாரும் அறிந்திருக்க முடியாது.

சுவிட்சர்லாந்து என்றதும் செல்வச் செழிப்பும், கடிகாரமும், வங்கியும் நம் நினைவுக்கு வருகின்றன. எல்செனர் பிறந்த காலத்துச் சுவிட்சர்லாந்து அப்படிப்பட்டதன்று. ஐரோப்பாவின் ஏழை நாடுகளுள் ஒன்றாகவே அது இருந்தது. குறிப்பாக, ஷ்வீட்ஸ் மாநிலம் மலையும் மேய்ச்சல் நிலமும் நிறைந்த பகுதி. மாடு வளர்ப்பதும் பயிர் செய்வதும் தவிர வேறு தொழில் அங்கு அதிகம் இல்லை. அந்த நிலம் அனைவருக்கும் சோறு போடப் போதவில்லை. வேலை தேடி இளைஞர்கள் கப்பலேறி அமெரிக்காவுக்குச் சென்றனர். சென்றவர்களில் பலர் திரும்பவே இல்லை. ஊரில் முதியோர் மட்டுமே எஞ்சும் நிலையைக் கண்டு வளர்ந்தவர் எல்செனர்.

தொழிற்கல்வி

தந்தையின் தொப்பித் தொழில் அவரை ஈர்க்கவில்லை. இரும்பும் நெருப்பும் சாணைக்கல்லுமே அவர் மனத்தைக் கவர்ந்தன. கத்தி செய்யும் தொழிலை முறையாகப் பயின்றார். அக்கால ஐரோப்பிய வழக்கப்படி, பயிற்சி முடித்த இளம் தொழிலாளி ஊர் ஊராகச் சென்று பல பட்டறைகளில் வேலை செய்து தன் திறமையை வளர்த்துக்கொள்ள வேண்டும். அவ்வாறே எல்செனரும் பிரான்சு நாட்டின் பாரிசு நகருக்கும், ஜெர்மனியின் டுட்லிங்கன் நகருக்கும் சென்று வேலை பார்த்தார்.

டுட்லிங்கன், அறுவை மருத்துவக் கருவிகளுக்குப் பெயர்பெற்ற ஊர். முகம் மழிக்கும் கத்தியும் அறுவைக் கத்தியும் செய்யும் நுட்பத்தை எல்செனர் நன்கு கற்றுத் தேர்ந்தார். இவ்விரண்டும் மிக நுண்ணிய வேலைகள். எஃகை எவ்வளவு காய்ச்ச வேண்டும், எப்போது தோய்க்க வேண்டும் என்பதில் சிறிது பிசகினாலும் அலகு மழுங்கும் அல்லது ஒடியும். இந்தப் பயிற்சியே பின்னாளில் அவருடைய முதலாக அமைந்தது.

ஓடைக்கரைப் பட்டறை

வெளிநாட்டில் கைநிறையச் சம்பளம் கிடைக்கும் தொழிலைக் கற்றவர் அங்கேயே தங்கியிருக்கலாம். எல்செனர் ஊர் திரும்பினார். 1884ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், ஷ்வீட்ஸ் நகரை அடுத்த ஈபாக் என்னும் சிற்றூரில் தம் பட்டறையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. தாயார் விக்டோரியா மகனுக்கு எல்லா வகையிலும் உறுதுணையாக நின்றார்.

பட்டறை அமைந்த இடம் டோபல்பாக் என்னும் ஓடையின் கரை. மின்சாரம் இல்லாத அந்தக் காலத்தில் ஓடும் நீரே அவருடைய இயந்திரம். நீரின் விசையால் சுழலும் சக்கரம், சாணைக்கல்லையும் மெருகிடும் உருளையையும் சுழற்றியது. சமையலறைக் கத்தி, மழிக்கும் கத்தி, அறுவைக் கருவி ஆகியவை அங்கிருந்து வெளிவந்தன. ஊர் இளைஞர் சிலருக்கேனும் ஊரிலேயே வேலை கிடைக்க வேண்டும் என்பதே அவருடைய எண்ணம்.

படைவீரனின் கத்தி

அந்த ஆண்டுகளில் சுவிட்சர்லாந்து இராணுவம் 1889ஆம் ஆண்டு மாதிரி ஷ்மிட்–ரூபின் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. அதைப் பிரித்துத் துடைத்து மீண்டும் பூட்டத் திருப்புளி வேண்டும். படைவீரர்க்குத் தரப்பட்ட உணவோ தகர டப்பாவில் அடைக்கப்பட்டு வந்தது. அதைத் திறக்க ஒரு கருவி வேண்டும். இவை ஒவ்வொன்றையும் தனித்தனியே சுமப்பது இயலாத செயல். ஆகவே எல்லாவற்றையும் ஒரே பிடிக்குள் மடக்கி, ஒவ்வொரு வீரன் பையிலும் ஒன்று வைப்பது என்று இராணுவம் முடிவு செய்தது.

இவ்வாறு பிறந்ததே 1890ஆம் ஆண்டு மாதிரிக் கத்தி. வெட்டும் அலகு, துளையிடும் குத்தூசி, டப்பா திறப்பான், திருப்புளி ஆகிய நான்கும் அதில் இருந்தன. கருமை நிறமுடைய ஓக்கு மரத்தால் ஆன பிடி. அழகைவிட உறுதியே அதன் இலக்கணம். 1891 சனவரியில் இராணுவம் இதற்கு ஒப்புதல் அளித்தது.

ஆனால் இவ்வளவு கத்திகளை ஒரே சமயத்தில் செய்து தரக்கூடிய தொழிற்சாலை சுவிட்சர்லாந்தில் ஒன்றுகூட இல்லை. எனவே முதல் 15,000 கத்திகள் ஜெர்மனியின் சோலிங்கன் நகரிலிருந்த வெஸ்டர் நிறுவனத்திடமிருந்து வாங்கப்பட்டன. தம் நாட்டு வீரன் தன் சட்டைப் பையில் வேற்று நாட்டுக் கத்தியைச் சுமப்பதா? ஊரில் வேலையின்றி மக்கள் வெளியேறும்போது அந்த வேலை எல்லை தாண்டிப் போவதா? இந்தக் கேள்விகள் எல்செனரை உறுத்தின.

போட்டியும் இழப்பும்

தனி ஒரு பட்டறையால் முடியாததைப் பலர் கூடினால் முடிக்கலாம் என்று அவர் கருதினார். நாடெங்கும் சிதறிக் கிடந்த கத்தித் தொழிலாளர் இருபதுக்கும் மேற்பட்டோரை ஒன்று சேர்த்துச் சங்கம் அமைத்தார். வேலையைப் பகிர்ந்து கொள்வது, இராணுவத்துக்கு வேண்டிய கத்திகளை உள்நாட்டிலேயே செய்து தருவது என்பது திட்டம். 1891ஆம் ஆண்டின் இறுதியில் ஈபாக்கில் செய்த கத்திகள் இராணுவத்துக்குச் சென்றன.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சோலிங்கன், பல நூற்றாண்டுகளாக வாளும் கத்தியும் செய்து பழகிய நகரம். அங்கே பெரிய இயந்திரங்கள் இருந்தன. ஒரு தொழிலாளி ஒரே பகுதியை ஆயிரக்கணக்கில் செய்து குவிப்பார். கைவேலையை நம்பிய சுவிஸ் பட்டறைகளால் அந்த விலைக்குக் கத்தி தர முடியவில்லை. சங்கத்தில் சேர்ந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக விலகினர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அவர்களுக்கும் குடும்பம் இருந்தது. எல்செனர் ஒருவர் மட்டுமே பிடிவாதமாக நின்றார்.

அந்தப் பிடிவாதத்துக்கு அவர் கொடுத்த விலை பெரிது. கைப்பொருள் அனைத்தும் கரைந்தது, கடன் சூழ்ந்தது. உறவினர்களின் உதவியும், கடன் கொடுத்தவர்களின் பொறுமையுமே பட்டறை மூடப்படாமல் காத்தன. ஊருக்கு வேலை தர முனைந்தவர் தம் வீட்டையே காக்க முடியாத நிலைக்கு வந்தது காலத்தின் விந்தை எனலாம்.

சோலிங்கனோடு விலையில் போட்டியிட்டால் தோல்வி உறுதி என்பதை எல்செனர் உணர்ந்தார். அவர்களால் செய்ய முடியாத ஒன்றைச் செய்ய வேண்டும். அது என்ன? அந்தக் கேள்விக்கு அவர் கண்ட விடையே அவரை உலகறியச் செய்தது.

இரண்டு வில்கள், ஆறு கருவிகள்

மடக்குக் கத்தியின் உள்ளமைப்பைச் சற்று நோக்குவோம். கத்தியின் அலகு ஓர் ஆணியைச் சுற்றித் திரும்புகிறது. திறந்தால் திறந்தபடி நிற்கவும், மடக்கினால் மடங்கியபடி கிடக்கவும் அதை அழுத்திப் பிடிப்பது பிடியின் முதுகுப் பக்கமாகச் செல்லும் ஒரு தட்டையான எஃகு வில். நாம் அலகைத் திறக்கும்போது அந்த வில் சிறிது வளைந்து கொடுத்து, பின் தன் இடத்துக்கு வந்து அமர்கிறது. அப்போது கேட்கும் சிறு ஓசை, வில் சரியாக வேலை செய்கிறது என்பதற்குச் சான்று.

இந்த அமைப்பில் ஒரு தொல்லை உண்டு. கருவிகளை ஒரே பக்கத்தில் சேர்த்துக்கொண்டே போனால் அவற்றுக்குத் தக்கபடி வில்களும் கூடும். வில் கூடினால் கத்தி தடிக்கும், எடை ஏறும். இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரத்து ராட்ஜர்ஸ் நிறுவனத்தார் 1851ஆம் ஆண்டு இலண்டன் பெருங்கண்காட்சிக்காக 75 அலகுகள் கொண்ட நார்போக் கத்தியைச் செய்து காட்டினர். கண்டோர் வியந்தனர். ஆனால் அது கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்ப்பதற்குரியது, பையில் போட்டுக்கொள்வதற்குரியதன்று.

எல்செனர் வேறு வழியில் சிந்தித்தார். வில்லின் ஒரு பக்கம் அலகுகளை அழுத்திக்கொண்டிருக்கிறது. மறு பக்கமோ வேலையின்றி வெறுமனே இருக்கிறது. அந்த மறு பக்கத்திலும் கருவியைப் பொருத்தினால் என்ன? அவ்வாறு செய்தால் ஒரே வில் இரண்டு பக்கமும் உழைக்கும். இதைச் சொல்வது எளிது; செய்வது கடினம். இரு பக்கத்து அழுத்தத்தையும் தாங்கி, இறுகிப் போகாமலும் தளர்ந்து விடாமலும் நிற்க வேண்டுமானால் எஃகின் பதமும் வில்லின் வடிவமும் மிகச் சரியாக அமைய வேண்டும். அறுவைக் கருவி செய்து பழகிய கைகளுக்கே அது கைவந்தது.

1896இல் அவர் இந்த முயற்சியில் வெற்றி கண்டார். பெரிய அலகு, சிறிய அலகு, டப்பா திறப்பான், திருப்புளி ஆகியவை முன்பக்கம். குத்தூசியும், புட்டியின் தக்கையை எடுக்கும் திருகும் முதுகுப் பக்கம். ஆறு கருவிகளுக்கு வில்கள் இரண்டே. போர்வீரனின் கத்தியைவிட இது எடை குறைந்தது, தோற்றத்தில் அழகியது. அதிகாரிகள் கத்தி எனப் பெயரிட்டு, 1897ஆம் ஆண்டு சூன் 12ஆம் நாள் இந்த வடிவமைப்புக்குச் சட்டப் பாதுகாப்புப் பெற்றார்.

இராணுவம் இதை அதிகாரபூர்வமாக ஏற்கவில்லை. போருக்குச் செல்பவனுக்குத் தக்கைத் திருகு எதற்கு என்று கருதினார்கள் போலும்! ஆனால் அதிகாரிகள் தங்கள் சொந்தப் பணத்தைக் கொடுத்துக் கடையில் வாங்கினர். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் வாங்கினர். அரசாணை செய்யாததை அனுபவம் செய்தது. மாணவர் கத்தி, உழவர் கத்தி எனப் பலவகைப் பெயர்களில் வெவ்வேறு கருவிகளைக் கொண்ட கத்திகளையும் எல்செனர் வெளியிட்டார். யாருக்கு எது தேவை என்று பார்த்துச் செய்ததே அவருடைய வணிக நுட்பம். கடன்கள் தீர்ந்தன, பட்டறை தொழிற்சாலையாயிற்று.

தாயின் பெயர்

1909ஆம் ஆண்டு தாயார் விக்டோரியா மறைந்தார். பட்டறை தொடங்கிய நாள் முதல் துணை நின்றவர் அவர். தாய்க்குக் கல்லறை எழுப்பியதோடு மகன் நின்றுவிடவில்லை. தம் கத்திகளுக்கே விக்டோரியா என்று பெயர் சூட்டினார். கேடயத்துக்குள் சிலுவை பொறித்த சின்னமும் அந்த ஆண்டிலேயே வழக்குக்கு வந்தது. 1921இல் துருப்பிடிக்காத எஃகு பயன்பாட்டுக்கு வந்தபோது, அதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கமான இனாக்ஸ் என்பதைத் தாயின் பெயரோடு சேர்த்தனர். அதுவே விக்டோரினாக்ஸ் ஆயிற்று. உலகின் எந்த மூலையில் ஒருவர் அந்தக் கத்தியின் பெயரைச் சொன்னாலும் ஓர் எளிய தாயின் பெயரைச் சொன்னவராகிறார்.

அந்த மாற்றத்தைக் காண எல்செனர் இல்லை. 1918ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், தம் ஐம்பத்தெட்டாம் வயதில் அவர் காலமானார். முதல் உலகப் போர் ஓய்ந்து ஆறு வாரமே ஆகியிருந்தது.

சேகரிப்போர் கண்ணில்

அஞ்சல்தலை, நாணயம் ஆகியவற்றைச் சேகரிப்பது போலவே மடக்குக் கத்திகளைச் சேகரிப்போரும் உலகெங்கும் உள்ளனர். அவர்கள் ஒரு கத்தியைக் கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது கூர்மையை அன்று. அலகின் அடிப்பகுதியில், ஆணிக்கு அருகே உள்ள முத்திரையை. எல்செனர் பெயரா, விக்டோரியா என்ற பெயரா, விக்டோரினாக்ஸ் என்ற பெயரா என்பதைக் கொண்டே கத்தியின் காலத்தை ஓரளவு சொல்லிவிடலாம். போர்வீரன் கத்தியில் செய்யப்பட்ட ஆண்டின் இறுதி இரண்டு எண்களும் பொறிக்கப்பட்டிருக்கும்.

பிடியும் ஒரு வரலாற்று ஏடே. முதற்கத்திக்கு ஓக்கு மரம். 1908ஆம் ஆண்டு மாதிரிக்கு, வெடிக்காமலும் பிளக்காமலும் இருக்கும் அழுத்தப்பட்ட நார்ப்பலகை. 1951ஆம் ஆண்டு மாதிரிக்கு எடை குறைந்த அலுமினியம். அலகும் துருப்பிடிக்காத எஃகாக மாறியது. 1961ஆம் ஆண்டு மாதிரி ஏறக்குறைய அரை நூற்றாண்டு மாறாமல் நின்றது. 2008ஆம் ஆண்டு மாதிரியோ 111 மில்லிமீட்டர் நீளமும், வழுக்காத பச்சைப் பிடியும், மரம் அறுக்கும் வாளும், ஒரே கையால் திறக்கக்கூடிய அலகும் கொண்டது. ஐந்தையும் வரிசையாக வைத்தால் ஒரு நூற்றாண்டின் தொழில்நுட்ப வரலாறு மேசைமீது விரிந்து கிடக்கும்.

சேகரிப்போர் விரும்பும் மற்றொரு வேறுபாடும் உண்டு. சுவிட்சர்லாந்தின் பிரெஞ்சு மொழி பேசும் பகுதியில் வெங்கர் என்ற நிறுவனமும் இதே கத்தியைச் செய்து வந்தது. ஒரு பகுதிக்கே வேலை அனைத்தையும் தந்தால் மறு பகுதி மனம் வருந்தும் என்று கருதிய அரசு, 1908 முதல் இரு நிறுவனங்களுக்கும் பாதிப்பாதியாக வேலையைப் பகிர்ந்தளித்தது. ஒரே மாதிரியில் இரு கைகளின் வேலைப்பாட்டையும் ஒப்பிட்டு மகிழ்வது சேகரிப்போர்க்கு ஒரு தனி இன்பம். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுப் போட்டிக்குப் பின், 2005இல் விக்டோரினாக்ஸ் நிறுவனம் வெங்கரைத் தன்னோடு இணைத்துக்கொண்டது.

மரபு தொடர்கிறது

எல்செனருக்குப் பின் மகனும், பேரனும், கொள்ளுப்பேரனும் அதே கார்ல் என்ற பெயரோடு தொழிலை நடத்தினர். 1931இல் எஃகைப் பதப்படுத்தும் பணிக்கு முழுவதும் மின்சாரத்தால் இயங்கும் உலைக்கூடம் ஈபாக்கில் அமைந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவில் தங்கியிருந்த அமெரிக்க வீரர்கள் இக்கத்தியை விரும்பி வாங்கினர். அதன் ஜெர்மானியப் பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை. சுவிஸ் இராணுவக் கத்தி என்று அழைத்தனர். அந்தப் பெயரே நிலைத்தது. 1985இல் 33 பயன்கள் கொண்ட சுவிஸ் சாம்ப் கத்தி வெளிவந்தது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் சிறந்த வடிவமைப்பு என்று இக்கத்தியைத் தன் தொகுப்பில் சேர்த்தது.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் விமானத்தில் கத்தி கொண்டு செல்லத் தடை வந்தது. விமான நிலையக் கடைகளில் விற்பனை நின்றது. தொழிலுக்குப் பேரிடி. அப்போதும் ஈபாக் ஆலை தொழிலாளரை வெளியேற்றவில்லை. வேலை குறைந்தபோது சிலரை அருகிலிருந்த பிற நிறுவனங்களுக்குத் தற்காலிகமாக அனுப்பி, நிலைமை சீரானதும் திரும்ப அழைத்துக்கொண்டது. 1884இல் ஓடைக்கரையில் ஓர் இளைஞர் எந்த எண்ணத்தோடு பட்டறை தொடங்கினாரோ, அந்த எண்ணம் நூற்றுப் பதினேழு ஆண்டுகளுக்குப் பின்னும் மங்காமல் இருந்ததை இது காட்டுகிறது.

நாம் கொள்ளத்தக்கது

எல்செனர் பெரும் பட்டம் பெற்றவர் அல்லர். செல்வர் வீட்டில் பிறந்தவரும் அல்லர். கற்ற தொழிலைத் தம் ஊருக்கே கொண்டு வந்தார். பெரிய நகரத்தின் மலிவு விலையோடு மோதித் தோற்றார். தோற்றபின் விலையைக் குறைக்க முயலாமல் வேலைப்பாட்டை உயர்த்தினார். மேலும் மேலும் எதைச் சேர்ப்பது என்று எல்லோரும் எண்ணியபோது, ஏற்கெனவே இருப்பதை எப்படி முழுமையாகப் பயன்படுத்துவது என்று அவர் எண்ணினார். வில்லின் வெறுமையாய்க் கிடந்த மறுபக்கம் அவர் கண்ணுக்கு மட்டும் தெரிந்ததற்குக் காரணம், நெருக்கடியும் தளராத உழைப்பும் அவரிடம் ஒன்றுசேர்ந்திருந்ததுதான்.

சிற்றூர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் நம்மில் பலர் படிப்பு முடிந்ததும் எங்கே போவது என்றுதான் முதலில் எண்ணுகிறோம். போவதில் தவறில்லை, எல்செனரும் பாரிசுக்கும் டுட்லிங்கனுக்கும் போனவரே. கற்றதோடு திரும்பி வந்து, பிறந்த மண்ணில் நாலு பேருக்கு வேலை கொடுக்க முடியுமா என்று எண்ணிப் பார்ப்பதும் கல்வியின் பயனே ஆகும். ஈபாக் என்னும் சிற்றூரின் பெயரை உலகறியச் செய்தது சட்டைப் பையில் அடங்கும் ஒரு சிறு கத்தி. நம் ஊர்களின் பெயரை உலகறியச் செய்யும் பொருள் எது என்பதை நாமே கண்டுபிடிக்க வேண்டும்.